சளி மாத்திரை, பிரஷர் மாத்திரை, முந்தின ராத்திரி தண்ணி: இதோடு ஸ்கூபா டைவ் பண்ணலாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அடுத்த மாதம் நாலு பேர் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறீர்கள். நீங்கள் பாண்டிச்சேரியில் ஓபன் வாட்டர் என்கிற அடிப்படை டைவ் கோர்ஸ் முடித்தவர், மற்ற மூவரும் முதல்முறை இறங்கப் போகிறவர்கள். அப்பாவுக்கு 57 வயது, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மச்சான் ஒரு வருடமாக சர்டிரலின் என்ற மனச்சோர்வு, பதட்ட மாத்திரை எடுக்கிறார். உங்களுக்கு ஊர் மாறினாலே மூக்கு அடைத்துக்கொள்ளும். நாலாவது ஆள் கல்லூரி நண்பன், "முந்தின ராத்திரி கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் புகை, அதில் என்ன வந்துவிடும்" என்கிறவன். எந்த மாத்திரை ஆபத்து, எதை டைவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. 11 வருடமாக அந்தமானில் ஆட்களைத் தண்ணீருக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகிற இன்ஸ்ட்ரக்டர். இந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டில் யாராவது "இந்த மாத்திரை போட்டிருக்கிறேன், இறங்கலாமா" என்று கேட்டால் நான் மாத்திரையின் பெயரைப் பிறகுதான் கேட்பேன், முதலில் "எதுக்குப் போட்டீங்க" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும். வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்டவருக்கு அந்த மாத்திரையால் கடலுக்கு அடியில் ஒன்றும் ஆகாது, உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருப்பதுதான் பிரச்சினை. வலிப்புக்கு மாத்திரை எடுப்பவருக்கு அந்த மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒருமுறை அது தவறினால் வாயிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி) நழுவும், அவ்வளவுதான், மூழ்கிவிடுவார். அதனால்தான் பிரிட்டனில் மாத்திரை இல்லாமல் 5 வருடம் வலிப்பு வராதிருந்தால்தான் டைவ் பற்றிப் பேசவே ஆரம்பிக்கிறார்கள்.

சரி, மாத்திரையே ஒன்றும் செய்யாதா என்றால் செய்யும், ஆனால் எப்படி என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. நீங்கள் மூச்சில் இழுக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதே கணக்கில் பெருகி உடம்புக்குள் போகின்றன. எந்த மருந்துக் கம்பெனியும் தன் மாத்திரையை 4 மடங்கு அழுத்தத்தில் வைத்துச் சோதித்து அட்டையில் அச்சடிப்பதில்லை, அவர்களுக்கு அதற்கான தேவையும் இல்லை. ஆய்வுகள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் எனக்குப் பிடித்தவை 2000-ஆம் ஆண்டில் அழுத்த அறைக்குள் தன்னார்வலர்களை உட்காரவைத்துச் செய்த இரண்டு சோதனைகள். ஒன்று மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், இன்னொன்று கடல்நோய்க்கான, அதாவது படகில் வருகிற குமட்டலுக்கான, டைமென்ஹைட்ரினேட். எல்லோரும் முதலாவதைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் அதில் பெரிதாக எதுவும் தென்படவில்லை. சாதுவாக நினைத்த கடல்நோய் மாத்திரைதான் அழுத்தத்தில் யோசிக்கும் வேகத்தைக் கெடுத்திருந்தது.

அதற்குக் காரணமும் ஊகிக்கக்கூடியதுதான். ஆழத்தில் நைட்ரஜனே ஒரு போதைப்பொருள். 30 மீட்டர் வாக்கில் பெரும்பாலானோருக்கு அது தெரிய ஆரம்பிக்கும். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் காரணமில்லாத பயம், சிலர் ஆழமும் நேரமும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், எண் தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று மூளைக்கு எட்டாது. 10 மீட்டருக்கு ஒரு கிளாஸ் மார்ட்டினி என்று டைவர்கள் வேடிக்கையாகக் கணக்குச் சொல்வார்கள். ஆக, தூக்கம் வரவைக்கும் எந்த மருந்தும் கீழே போனால் தனியாக வேலை செய்வதில்லை, ஏற்கெனவே மந்தமாக்கிக்கொண்டிருக்கும் நைட்ரஜனோடு கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. மேலே லேசாகக் கண் சொக்க வைக்கிற மாத்திரை கீழே எவ்வளவு சொக்க வைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

இப்போது உங்கள் மூக்குக்கு வருகிறேன். நாலு பேரில் உங்கள் பிரச்சினைதான் மிகச் சாதாரணம், நான் அதிகம் பார்த்ததும் அதைத்தான். அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது காது அடைத்தால் அது ஒருவிதத்தில் நல்லது. வலிக்கும், மூக்கைப் பிடித்து ஊதுவீர்கள், திறக்கவில்லை என்றால் மேலே வந்துவிடுவீர்கள், கதை முடிந்தது. இன்ஸ்ட்ரக்டர் முகத்தைச் சுளிப்பார், காசு போகும், அவ்வளவுதான். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டால் அந்த எச்சரிக்கை மணி அடிக்காது. சைனஸும் காதும் சுலபமாகத் திறந்து, கீழே இருக்கிற அழுத்தத்துக்கு ஏற்ற காற்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் 40 நிமிடம் கழித்து மருந்தின் வீரியம் குறைந்தால்? சதை மறுபடி வீங்கும், வாசல் மூடும், உள்ளே போன காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் மேலே வர வர அது விரியும். இதில் கொடுமை என்னவென்றால், நீர்மட்டத்தை நெருங்கும்போதுதான் விரிவு அதிகம். 18 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வரும்போது அந்தக் காற்று சுமார் 1.4 மடங்காகிறது, கடைசி 10 மீட்டரில் இரண்டு மடங்காகிறது. மேலே வர முடியாமல் வலிக்கும், ஆனால் கீழேயே இருக்கவும் முடியாது, சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். இறங்கும்போது இருந்த 'வேண்டாம், திரும்பிவிடலாம்' என்ற வசதி இங்கே கிடையாது.

என் மூன்றாவது வருடம் எனக்கே நடந்தது. சீசன் நேரம், லேசான சளி, லீவு கேட்கக் கூச்சம். காலையில் மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு முதல் டைவ் போனேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது காது. அந்தத் தைரியத்தில் மதியம் சொட்டு விடாமலேயே இரண்டாவது டைவ். கீழே போகும்போதும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது 9 மீட்டரில் இடது புருவத்துக்கு மேலே யாரோ ஊசியை வைத்து மெதுவாக அழுத்துகிற மாதிரி ஒரு வலி. ஒரு மீட்டர் இறங்கினேன், வலி நின்றது. ஒன்றரை மீட்டர் ஏறினேன், மறுபடி ஊசி. விருந்தினர்களை இன்னொரு டைவ்மாஸ்டரிடம் கைகாட்டிவிட்டு, அந்த 9 மீட்டரைக் கடக்க 20 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் அதில் பாதிக்கு ரத்தமும் சளியும். அப்புறம் இரண்டு வாரம் தண்ணீரில் இறங்கவில்லை. கேட்காத லீவு அப்படி வந்து சேர்ந்தது.

மூக்குச் சொட்டுகளில் இன்னொரு தந்திரம் உண்டு. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் இரண்டுமே, அதாவது நம் ஊர் மெடிக்கலில் ஓட்ரிவின், நேசிவியான் என்று வாங்குகிற வகைகள், தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் நிறுத்தியவுடன் முன்பைவிட அதிகமாக மூக்கு அடைக்கும். ஐந்து நாள் டைவ் பயணத்துக்கு தினம் சொட்டு விட்டுக்கொண்டே சமாளிக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சளி மாத்திரைகளைப் பற்றி: நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான சளி மாத்திரைகளில் மூன்று பொருள் இருக்கும், பாராசிட்டமால், ஃபெனைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின். இதில் ஃபெனைலெஃப்ரின் வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்கு ஒன்றும் செய்வதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு சொல்லிவிட்டது. குளோர்ஃபெனிரமின் தூங்க வைக்கும். ஆக, டைவுக்கு முன்னால் அதைப் போட்டால் மூக்கும் திறக்காது, தூக்கமும் வரும். சூடோஎஃபெட்ரின் வேலை செய்கிற மருந்துதான், டைவுக்கு முன்னால் அதைக் கொடுத்தால் புதியவர்களுக்குக் காதுத் தொந்தரவு குறைந்ததாக ஆய்வே இருக்கிறது. ஆனால் அது நரம்பைத் தூண்டுகிற மருந்து, அதனால் ஆக்சிஜன் அதிகம் கலந்த நைட்ராக்ஸ் சிலிண்டரோடு அதைச் சேர்க்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. நிரூபிக்கப்பட்டதா என்றால் இல்லை. ஆனால் ஆழத்து அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகலாம், அப்போது வருவது வலிப்பு, அது யாருக்கு எப்போது வரும் என்பது கணிக்கவே முடியாத சமாச்சாரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக கென்னத் டொனால்ட் செய்த சோதனைகளில் ஒரே ஆள், ஒரே ஆழம், ஒருநாள் சில நிமிடங்களில் அறிகுறி, இன்னொரு நாள் இரண்டு மணிநேரம் தாண்டியும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட சீட்டாட்டத்தில் நானாக ஒரு சீட்டைக் கூடுதலாகப் போட மாட்டேன்.

உங்களுக்கு என் பதில்: கிளம்புவதற்கு ஒரு மாதம் இருக்கிறதே, இப்போதே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஊர் மாறினாலே அடைக்கிறது என்றால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவார்கள், அது பலன் தர நாள்கணக்கில் ஆகும், ஆனால் திடீரென்று வீரியம் இறங்கிக் கைவிடாது, தூக்கமும் வராது. டைவ் அன்று உண்மையான சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். சமாளித்துப் போன என் கதையை மேலே சொல்லியாயிற்று.

கடல்நோய் மாத்திரை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போட்டில் கட்டாயம் யாராவது கொடுப்பார்கள். நம்மிடம் பிரபலமான அவோமின் ப்ரோமெதசின் வகை, நன்றாகத் தூங்க வைக்கும், அந்தத் தூக்கம் மறுநாள்வரைகூட இழுக்கும். சின்னரிசின் கொஞ்சம் பரவாயில்லை. எதுவானாலும் டைவ் அன்றைக்கு முதன்முதலாகப் போடக்கூடாது. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள், அன்றைக்கு வண்டி ஓட்டத் தோன்றவில்லை என்றால் அது உங்களுக்கு ஆகாத மாத்திரை. எந்த மருந்துக்கும் நான் சொல்லும் பொதுவான சோதனை இதுதான். கூட்டத்தில் கொடுக்கிறார்களே என்று மிட்டாய் மாதிரி வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா. இங்கே நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். தண்ணீருக்குள் உடம்பு இறங்கியதும் காலில் இருக்கிற ரத்தம் அரை லிட்டருக்கும் மேல் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது. இதயத்துக்குச் சட்டென்று வேலை கூடுகிறது. உடம்பு 'ரத்தம் அதிகமாகிவிட்டது' என்று தப்பாக நினைத்துக்கொண்டு சிறுநீரைத் தள்ளுகிறது. வெட்சூட்டுக்குள் எல்லோரும் ஒன்றுக்குப் போவதன் ரகசியம் இதுதான், வெட்கப்படத் தேவையில்லை. பிரஷர் இருக்கிறவர்களில் சிலருக்கு, நெஞ்சுக்கு ஏறுகிற இந்த ரத்தத்தால் நுரையீரலில் நீர் கசிய ஆரம்பிக்கும். இருமல், மூச்சுத்திணறல், நுரை நுரையாகச் சளி. ஆழமே தேவையில்லை, மேலே நீந்தும்போதே வரலாம்.

அப்பா சாப்பிடுவது எந்த வகைப் பிரஷர் மாத்திரை என்று பாருங்கள். டெல்மிசார்டன் போன்றவை தண்ணீருக்கடியில் பொதுவாக வம்பு செய்வதில்லை. அம்லோடிபினும் பெரும்பாலும் பரவாயில்லை, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் உடம்பை அமுக்கிப் பிடித்திருப்பது போட் ஏணியில் ஏறுகிற நொடியில் போய்விடும், சிலிண்டரோடு மயங்கி விழ அதைவிட மோசமான இடம் கிடையாது. சிறுநீர் போக்குகிற மாத்திரை கலந்திருந்தால் அந்தமான் வெயிலில் உடம்பு வற்றும். மெட்டோப்ரோலால், அட்டெனலால், ப்ரொப்ரனலால் என்று முடிகிற 'லால்' குடும்பம்தான் எனக்குக் கவலை. இவை இதயத் துடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை. நீரோட்டம் திடீரென்று இழுத்தால் நீங்கள் பலமாக உதைத்து நீந்த வேண்டும், இதயம் வேகமெடுக்க வேண்டும், இந்த மாத்திரை அதை விடாது. நான் சொன்ன நுரையீரல் கசிவும் இந்த மாத்திரைகள் எடுப்பவர்களிடம் அதிகம் சந்தேகிக்கப்படுகிறது. ப்ரொப்ரனலாலை மைக்ரேனுக்கும் பதட்டத்துக்கும்கூடத் தருகிறார்கள், அதனால் 'எனக்குப் பிரஷரே இல்லையே' என்கிற இளைஞர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். அதற்காக டைவ் அன்று மட்டும் மாத்திரையை விட்டுவிடலாம் என்று யோசிக்கவே வேண்டாம், இந்த வகையைத் திடீரென்று நிறுத்துவது நிறுத்தாமல் இறங்குவதைவிட மோசம்.

சுகர் மாத்திரையில் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம். அதோடு கிளிமிபிரைட் கலந்திருந்தால், நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள், இறங்கும். கீழே சர்க்கரை இறங்கினால் வருகிற குழப்பமும் நடுக்கமும் பார்ப்பதற்குக் குளிர் மாதிரியும் பயம் மாதிரியும் நைட்ரஜன் போதை மாதிரியும் இருக்கும், பக்கத்தில் இருக்கிற எனக்கே அடையாளம் தெரியாது. 2005-இல் அமெரிக்காவில் டைவ் மருத்துவர்கள் கூடி, மருந்து எடுக்கிற சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு வழிகாட்டி போட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் கடுமையாகச் சர்க்கரை இறங்கியிருக்கக் கூடாது, டைவுக்கு 60 நிமிடம் முன்னால், 30 நிமிடம் முன்னால், இறங்கும் முன்னால் என மூன்று முறை குத்திப் பார்க்க வேண்டும், அளவு 150-க்குக் குறையாமலும் இறங்குமுகமாக இல்லாமலும் இருக்க வேண்டும், 30 மீட்டருக்கு மேல் ஆழமோ ஒரு மணிநேரத்துக்கு மேல் நேரமோ கூடாது, கையில் குளுக்கோஸ் வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின் போன்ற புது மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிறவை, கூடவே தண்ணீரையும் தள்ளும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

57 வயது, பிரஷர், சுகர் மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு டிரெட்மில் சோதனையும் டாக்டர் கையெழுத்தும் இல்லாமல் நான் சிலிண்டர் மாட்ட மாட்டேன். இதை மாத்திரைக்காகச் சொல்லவில்லை, மாரடைப்புக்காகச் சொல்கிறேன்.

மச்சானைப் பற்றி நீங்கள்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள், எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை குறைவு. சர்டிரலின் ஒரு வருடமாக ஒரே அளவில், தூக்கமோ தலைசுற்றலோ இல்லை, வேலைக்குப் போய்வருகிறார் என்றால் டைவ் மருத்துவர்கள் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். மருந்து தொடங்கி அல்லது அளவு மாற்றிக் குறைந்தது 3 மாதமாவது நிலையாக இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். முக்கியமாக டைவுக்காக அவர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு உணர்வும் கிறுகிறுப்பும் வரும், அதோடு கடலில் இறங்குவதுதான் ஆபத்து. அவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நெஞ்சு படபடத்துப் பயம் பிடித்துக்கொள்ளும் பிரச்சினைக்காகவா அந்த மாத்திரை? அப்படியென்றால் முகத்தில் மாஸ்க், வாயில் ரெகுலேட்டர், தலைக்கு மேல் 10 மீட்டர் தண்ணீர் என்கிற நிலையில் அது திரும்ப வருமா என்பதை அவரும் டாக்டரும் நேர்மையாகப் பேச வேண்டும். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிறவருக்கு, ஒன்றேகால் மீட்டர் ஆழமே நுரையீரல் கிழியப் போதும். பதட்டம் வந்தால் அவசரத்துக்கு என்று வைத்திருக்கிற அல்பிரசோலமை டைவுக்கு முன் போட்டுக்கொள்வது பதில் இல்லை, அது நேரே நைட்ரஜனோடு போய்ச் சேரும். புப்ரோபியான் என்றால் வேண்டவே வேண்டாம், வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மருந்து. சிகரெட்டை விடுவதற்கும் அதைத் தருகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு சின்ன வேடிக்கை: எலிகளை வைத்துச் செய்த பிரெஞ்சு ஆய்வுகளில் ஃபுளுவோக்செட்டின் கொடுத்தவற்றுக்கு டிகம்ப்ரஷன் நோய் (மேலே வரும்போது உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி வருகிற நோய்) குறைவாக வந்தது, சில்டெனாஃபில், அதாவது வயாக்ரா, கொடுத்தவற்றுக்கு அதிகமாகவும் மோசமாகவும் வந்தது. முதல் பாதியைக் கேட்டு யாரும் மனச்சோர்வு மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம். இரண்டாவது பாதியை மட்டும் தேனிலவுக்கு வருகிற ஜோடிகளில் ஆண்களிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளால் டைவில் நேரடிக் கெடுதல் குறைவு, ஆனால் டைவ் முடிந்து வருகிற மூட்டுவலி டிகம்ப்ரஷன் நோயாக இருந்தால் அதை மூடி மறைத்துவிடும், அதனால் டைவுக்குப் பிறகு புதிதாக எங்காவது வலித்தால் மாத்திரை போடுவதற்கு முன்னால் எங்களிடம் சொல்லுங்கள். ட்ரமடால் என்கிற மயக்கம் தரும் வலி மருந்து கலந்தது என்றால் இறங்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வகை எடுப்பவர்களுக்குக் காதிலோ சைனஸிலோ சின்ன அடி பட்டாலும் ரத்தம் நிற்காது. மலேரியாவுக்கு மெஃப்ளோக்வின் வேண்டாம், அதன் தலைசுற்றலும் பதட்டமும் டிகம்ப்ரஷன் நோய் மாதிரியே இருக்கும், வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். டாக்ஸிசைக்ளின் பரவாயில்லை, வெயிலில் தோல் வெந்துவிடும். எடை குறைக்கிற செமாக்ளுடைட் ஊசியை அண்மையில் தொடங்கியவர்கள் வாந்தி அடங்கும்வரை காத்திருங்கள். புற்றுநோய்க்கு எப்போதோ ப்ளியோமைசின் எடுத்திருந்தால் பல வருடம் கழித்தும்கூட டைவ் மருத்துவரைப் பார்க்காமல் இறங்க வேண்டாம், அதிக ஆக்சிஜனில் நுரையீரல் பாதிக்கப்படலாம்.

இனி நண்பன். நம் ஊர் விஸ்கி 42.8 சதவீதம். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில், சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும், காபி குடித்தாலும் சரி, கடலில் குளித்தாலும் சரி. ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்து ஐந்து லார்ஜ் போட்டால் 100 கிராம். 10 மணிநேரத்திலிருந்து 14 மணிநேரம்வரை ஆகும், அதாவது காலை 7 மணி போட்டில் ஏறுகிறவர் பெரும்பாலும் இன்னும் குடித்த நிலையில்தான் இருக்கிறார், அவருக்குத்தான் அப்படித் தோன்றாது. அது போனபிறகும் வற்றிய உடம்பு இருக்கும், சரியில்லாத தூக்கம் இருக்கும், குமட்டல் இருக்கும். ரத்தம் கெட்டியாக ஓடுகிற உடம்பிலிருந்து நைட்ரஜன் ஒழுங்காக வெளியேறாது. இரவு சாப்பாட்டோடு ஒரு பீர் என்றால் நான் போலீஸ் வேலை பார்ப்பதில்லை. அதற்கு மேல் என்றால் மறுநாள் அவர் கரையில்தான். டைவ் முடிந்த கையோடு கொண்டாட உட்காருவதும் வேண்டாம், கை மரத்துப்போவதும் தள்ளாடுவதும் குடியாலா குமிழியாலா என்று யாருக்கும் தெரியாது, கொஞ்ச நேரம் போகட்டும்.

கஞ்சா விஷயத்தில் சட்டத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அது அவன் பாடு. டைவுக்கு அது ஏன் ஆகாது என்றால் முதலில் நேர உணர்வு. கீழே நீங்கள் செய்ய வேண்டிய வேலையே காற்றையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். 'இப்போதுதானே பார்த்தேன்' என்று நினைக்கிறவர் 10 நிமிடம் முன்னால் பார்த்திருப்பார். இதயத் துடிப்பு கூடும், சிலருக்கு அச்சம் கிளம்பும், அந்த அச்சத்தோடு மேலே பாய்வதைப் பற்றி மச்சான் பத்தியில் சொன்னது இங்கேயும் பொருந்தும். புகைத்தால் மூச்சுக்குழாயில் எரிச்சலும் சளியும், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடும். சாப்பிடுகிற வகையாக இருந்தால், பாங் உட்பட, ஏற ஒன்றிரண்டு மணிநேரம் ஆகும், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று போட்டில் ஏறியவருக்குத் தண்ணீருக்குள் ஏற ஆரம்பிக்கும். மந்தம் மறுநாள்வரை லேசாக நிற்பதும் உண்டு. 24 மணிநேரம் இடைவெளி என்பது என் கணக்கு.

கொக்கெயின், எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி) இரண்டும் வேறு ரகம். முதலாவது இதய ரத்தக்குழாயை இறுக்கும், துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும், வலிப்பையும் வரவைக்கும். இரண்டாவது உடல் சூட்டையும் நீர்ச்சமநிலையையும் குலைக்கும். ராத்திரி முழுக்க ஆடிவிட்டுக் காலையில் டைவுக்கு வருகிறவர்களை, வேறொரு கடற்கரையில் வேலை பார்த்தபோது, கண்ணைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பையன் சண்டைக்கே வந்தான், மதியம் எழுந்து வந்து காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான், நன்றியெல்லாம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லிவையுங்கள். எதையாவது எடுத்துவிட்டு இறங்கி, மேலே வந்து கை கால் மரத்தால், டாக்டரிடம் மறைக்கக் கூடாது. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கடற்படை மருத்துவமனையில்தான் டிகம்ப்ரஷன் நோய்க்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை இருக்கிறது, ஹேவ்லாக்கிலிருந்து படகில் சுமார் இரண்டு மணிநேரம், இருட்டிவிட்டால் பயணிகள் படகும் கிடையாது. அந்த ஏற்பாட்டைத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற டாக்டருக்கு உண்மை தெரிந்தால்தான் நேரம் மிச்சம்.

டைவ் கடையில் கொடுக்கிற மருத்துவப் படிவத்தில் முதல் பக்கத்தில் 10 கேள்விகள். பத்தாவது கேள்வி மாத்திரை பற்றியது: டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா, கருத்தடை மாத்திரையும் மெஃப்ளோக்வின் தவிர்த்த மலேரியா மருந்தும் நீங்கலாக. அப்பாவும் மச்சானும் அதில் 'ஆம்' என்றுதான் போட வேண்டும், போட்டால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் எந்த ஒழுங்கான கடையும் இறக்காது. பலர் போட்டில் ஏறும் அவசரத்தில் 'இல்லை' என்று கோடு இழுத்துவிட்டு, 12 மீட்டருக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார்கள். படிவத்தை இப்போதே வலையில் எடுத்து அச்சடித்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளோடு ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் போங்கள். டைவ் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் "டைவ் பண்ணலாமா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இந்த மருந்து தூக்கம் தருமா, வலிப்பு வாய்ப்பைக் கூட்டுமா, ரத்தக் கசிவைக் கூட்டுமா, பலமாக நீந்தினால் இதயம் ஈடுகொடுக்குமா என்று கேளுங்கள். அதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்வார்.

அப்பாவுக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை என்றால் "சரி, ஸ்நார்க்கலாவது பண்ணட்டும்" என்று எலிஃபன்ட் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆழத்தில் இறக்கிவிடாதீர்கள், நெஞ்சுக்கு ரத்தம் ஏறுகிற கதை அங்கேயும் அதேதான். அதே கரையில் அடியில் கண்ணாடி வைத்த படகு ஓடுகிறது, பவளமும் மீனும் அதிலேயே நன்றாகத் தெரியும். நான் என் அப்பாவை அதில்தான் கூட்டிக்கொண்டு போனேன். முழு நேரமும் மீனைப் பார்க்காமல், படகுக்கு டீசல் எவ்வளவு ஆகும் என்று ஓட்டுகிறவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.